ஆண்டிமடத்திலிருந்து என்ற சொல்லின் நீளம்

வெப்கிட் என்கிற பிரௌசர் எஞ்சினின் மூலநிரலில் ஒரு சின்ன ஃபங்ஷன் இருக்கிறது. திரையில் எழுத வேண்டிய வரியை எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டே போகும். அரபியில் தொடங்கி, தேவநாகரி, வங்கம், தமிழ், தெலுங்கு, மலையாளம், சிங்களம், தாய், திபெத் என்று மியான்மர் வரைக்கும் நீள்கிற எண் வரிசைக்குள் ஒரே ஒரு எழுத்து வந்து விழுந்தாலும் போதும், 'சிக்கலானது' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அதன் பிறகு அந்த வரி முழுவதும் வேறு பாதையில் போகும். ஆங்கிலம் போகும் பாதைக்குப் பெயர் 'எளியது'.

இந்த ஃபங்ஷனை முதல்முறை படித்தபோது எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை. சொன்னது உண்மைதானே. ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படம், படத்துக்கு ஒரு அகலம். ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போகலாம். 'கே' என்று எழுதினால் கணினிக்குள் க முதலில் இருக்கும், கொம்பு அதற்குப் பின்னால் இருக்கும். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' இன்னும் மோசம், உள்ளே ஒரே குறி, வெளியே எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கென்று ஒரு தனி நிரல் தேவை. இன்று குரோம், ஃபயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் அந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் 'திறந்த எழுத்து' என்று பொருள். அதை வளர்த்தெடுத்த பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ஈரானில் பிறந்தவர்.

நெடில் கொம்பின் சுழி வீரமாமுனிவர் செய்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் இருந்து எழுதிய ஏலாக்குறிச்சி எங்கள் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருக்கு முன் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் காட்டப் புள்ளியை நம்ப வேண்டும், ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்பதால் பலர் வைப்பதே இல்லை. படிப்பவர் குழம்பக் கூடாது என்று ஒருவர் போட்ட சுழி, முந்நூறு வருஷம் கழித்து எங்கள் எஞ்சினில் ஒரு 'இஃப்' வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நாம் எளிய பாதையில் போன காலமும் ஒன்று உண்டு. 90களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாப், டாம் என்ற குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது, டிஸ்கி ஒருபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இவற்றில் கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே முதலில் அடிப்போம், அச்சுக் கோப்பவர் ஈய எழுத்தை எடுத்து வைத்த மாதிரி. பிரௌசரைப் பொறுத்தவரை அது ஏதோ ஐரோப்பிய எழுத்து. இடமாற்றம் கிடையாது, எதுவும் கிடையாது, சரசரவென்று வரைந்து தள்ளும். ஆனால் தேடினால் கிடைக்காது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். வேகப் பாதையில் போனோம்தான், மாறுவேஷத்தில். யூனிகோடுக்கு மாறி நம் முகத்தோடு வந்து நின்றதும் சிக்கலான பாதைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் வேலை செய்வது டிவி செட்டாப் பாக்ஸுக்குள் ஓடும் பிரௌசர் எஞ்சினில். பெட்டிக்குள் எதுக்குடா பிரௌசர் என்று உறவில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நீங்கள் ரிமோட்டில் மேலும் கீழும் நகர்த்துகிற மெனு இருக்கிறதே, பல பெட்டிகளில் அது ஒரு வலைப்பக்கம்தான். போனில் இருக்கும் சக்தியில் கால்வாசிகூட இல்லாத சிப்பில், எப்போதோ கிளையெடுத்த பழைய வெப்கிட்டை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். எங்கள் கிளை பழசிலும் பழசு.

ஆண்டிமடத்தில் எங்கள் வீட்டில் இருந்தது வேறொரு கம்பெனிப் பெட்டி. முந்திரி சீசன் லீவில் போயிருந்தபோது பார்க்கிறேன், மெனு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. அம்மா எட்டாவது வரை படித்தவர், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

"ஏம்மா, தமிழ்ல வச்சுக்க வேண்டியதுதானே?"

"தமிழ்ல போட்டா ஆட்டுக்கல்லு மாதிரி அரைச்சுக்கிட்டே கெடக்குதுடா தம்பி. ஒருவாட்டி அமுக்குனா எப்பவோ நவுருது. இங்கிலீஷ்ல டக்கு டக்குன்னு போவுது. எனக்கு எது எங்க இருக்குன்னு மனப்பாடந்தானே."

படிக்கத் தெரிந்த மொழியை விட்டுவிட்டு, இடத்தை மனப்பாடம் செய்துகொண்டு, படிக்கத் தெரியாத மொழியில் ஒரு மனுஷி டிவி பார்க்கிறார். எங்கேயும் அவர் புகார் கொடுக்கவில்லை. யாரிடம் கொடுப்பார், என்னவென்று கொடுப்பார்? மொழிவாரிப் பயன்பாட்டை யாராவது எண்ணிப் பார்த்தால், 'ஆண்டிமடத்துக்காரர்கள் ஆங்கிலத்தையே விரும்புகிறார்கள்' என்று அதில் பதிவாகியிருக்கும்.

பெங்களூர் திரும்பியதும் எங்கள் பெட்டியில் மெனுவைத் தமிழுக்கு மாற்றி, புரொஃபைலரைப் போட்டுப் பார்த்தேன். எந்த ஃபங்ஷனில் எவ்வளவு நேரம் போகிறது என்று அது காட்டும். எதிர்பார்த்தபடி நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது எழுத்தை அளக்கும் வேலை. ஒரு வரியை எங்கே மடக்குவது என்று முடிவு செய்ய எஞ்சினுக்கு ஒவ்வொரு சொல்லின் அகலமும் தெரிய வேண்டும். தமிழுக்கு அதைத் தெரிந்துகொள்ள ஹார்ஃப்பஸ்ஸைக் கூப்பிட வேண்டும். எங்கள் பழைய கிளையில் அளக்க ஒருமுறை, பிறகு வரைய இன்னொருமுறை.

எனக்குப் புரியாதது வேறு. இதற்கென்றே ஒரு கேஷ் இருக்கிறது. ஒருமுறை அளந்த சொல்லின் அகலத்தைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த தடவை அளக்காமல் எடுத்துக்கொடுக்கும் பட்டியல். மெனுவில் திரும்பத் திரும்ப அதே சொற்கள்தானே வருகின்றன, பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்கிறது? நிரலைத் திறந்து படித்தேன். பட்டியலில் சேர்க்கப்படும் சொல்லுக்கு ஒரு உச்ச நீளம் இருந்தது. 15. அதைத் தாண்டினால் பட்டியலில் தேடுவதே இல்லை, சேர்ப்பதும் இல்லை.

15 என்பது நாம் எண்ணுகிற எழுத்துக் கணக்கு இல்லை. கணினியில் 'டி' என்பது ட ஒன்று, கொக்கி ஒன்று, ஆக 2. புள்ளி வைத்த எழுத்தும் 2. நோட்டில் எண்ணிப் பார்த்தேன். ஆண்டிமடம் - 9. ஆண்டிமடத்தில் - 13. ஆண்டிமடத்திலிருந்து - 19. ஊரிலேயே இருக்கிறவனுக்குப் பட்டியலில் இடம் உண்டு, ஊரிலிருந்து கிளம்பியவனுக்குக் கிடையாது. மெனுவில் பெரிதாகக் கிடக்கும் 'பரிந்துரைக்கப்பட்டவை' 20. அதன் ஆங்கிலச் சொல் 11.

இதோடு இன்னொரு குணமும் அந்தக் கேஷுக்கு உண்டு. தேடிய சொல் கிடைக்காமல் தொடர்ந்து ஏமாந்தால், தேடுவதைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஏமாற்றத்துக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் சுமார் 20 சொல்லுக்கு ஒருமுறைதான் எட்டிப்பார்க்கும். ஆங்கிலத்துக்கு இது நல்ல யோசனை. அங்கே ஒரே பக்கத்தில் அதே குட்டிச் சொற்கள் ஆயிரம் முறை வரும். தமிழில் அவர்களிடமிருந்து, அவர்களிடமிருந்தும், அவர்களிடமிருந்துதான் எல்லாம் மூன்று தனிச் சொற்கள். ஒட்டிக்கொண்டு நீளும் மொழியில் சொல் அப்படியே திரும்பி வருவது குறைவு. கேஷ் இரண்டு மூன்று பத்தியிலேயே மனசு விட்டுவிடும்.

இதை எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. நல்ல பொறியாளர்கள், அளந்து பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். எதை வைத்து அளந்தார்கள் என்பதுதான் விஷயம். பிரௌசர்களின் வேகத்தை ஒப்பிட உலகம் முழுக்கப் பயன்படுத்தப்பட்ட ஸ்பீடோமீட்டர் என்ற சோதனையின் முதலிரண்டு பதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் போடும் ஒரு குட்டிச் செயலியை எடுத்து, அதில் 100 வேலைகளைச் சேர்த்து, டிக் அடித்து, அழிக்கும். 100 வேலைக்கும் ஒரே பெயர், 'சம்திங் டு டூ', பக்கத்தில் ஒரு எண். அதிலேயே நீளமான சொல் 9. ஆண்டிமடம் அளவு. சிக்கலான பாதை அந்தச் சோதனையில் திறக்கவே திறக்காது. திறக்காத கதவின் கீல் துருப்பிடித்தால் யாருக்குத் தெரியும்?

உச்ச நீளத்தை 32 ஆக்கினேன். ஒரு எழுத்துக்கு 2 பைட், ஆகப் பட்டியலில் ஒரு வரிசைக்கு 34 பைட் கூடுதல் நினைவகம். பெட்டியில் நினைவகம் தங்கம் மாதிரி, சும்மா தரமாட்டார்கள். நிரலைச் சரிபார்த்த சீனியர் (நல்ல மனுஷர், கோழிக்கோட்டுக்காரர்) நியாயமான ஒரு யோசனை சொன்னார். தமிழ் எழுத்து வந்தால் மட்டும் 32 வைத்துக்கொள்வோம், மற்றவர்களுக்கு 15 இருக்கட்டும். நினைவகமும் மிச்சம், தமிழும் வேகம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படித் தனியாக ஒரு வாசல் வைத்ததால்தானே இவ்வளவும். இரண்டு வருஷம் கழித்து யாரோ ஒருவர் அந்த நிரலைத் திருத்துவார், ஆங்கிலத்தில் ஓட்டிப் பார்ப்பார், சரியாக ஓடும், போய்விடுவார். தமிழ்வாசல் உடைந்தது மூன்றாவது ரிலீஸில் தெரியவரும், அல்லது தெரியவே வராது. இதைச் சொன்னதோடு, ஜெர்மனில் வேகக் கட்டுப்பாட்டுக்கு உள்ள சொல்லைப் பலகையில் எழுதிக் காட்டினேன். 26 எழுத்து. வேகத்தைக் கட்டுப்படுத்துகிற சொல்லே எங்கள் கேஷுக்குள் நுழையாது என்றதும் அவர் சிரித்துவிட்டார். மலையாளச் சொற்களின் நீளத்தை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லோருக்கும் 32 என்று போனது. எத்தனை மில்லிசெகண்ட் குறைந்தது என்று எழுதமாட்டேன், பெட்டிக்குப் பெட்டி மாறும். ரிமோட்டை அமுக்கினால் கட்டம் உடனே நகர்ந்தது, அவ்வளவு போதும். கூடவே ஒரு சோதனையும் எழுதிச் சேர்த்தேன். அதிலுள்ள நான்கு சொற்களில் ஒன்று 'ஆண்டிமடத்திலிருந்து'. இனி அந்தக் கிளையில் யார் எதை மாற்றினாலும் அந்தச் சொல்லை எஞ்சின் ஒருமுறை அளந்தாக வேண்டும்.

இதே முடிவுக்கு கூகுளின் பிளிங்க் எஞ்சின்காரர்கள் என்னைவிடப் பெரிய அளவில் முன்பே வந்துவிட்டார்கள். 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்துபோன எஞ்சின் அது. 2010களின் நடுவில் அவர்கள் எளிய பாதையையே தூக்கி எறிந்தார்கள். ஆங்கிலமும் ஹார்ஃப்பஸ் வழியாகத்தான் போகும். அப்படியானால் ஆங்கிலம் மெதுவாகிவிடுமே என்று கவலைப்பட்டு, அந்தச் சிக்கலான பாதையை உட்கார்ந்து செப்பனிட்டார்கள். பின்னால் 2019இல் குரோம் 77இல் வந்த லேஅவுட் என்ஜி, பத்தியை மொத்தமாக ஒருமுறை வடிவமைத்துவிட்டு, வரி மடக்கும்போது முடிந்தவரை அதையே திரும்பப் பயன்படுத்துகிறது. தமிழுக்காக யாரும் தனியாகப் போராடி அந்த வேகம் கிடைக்கவில்லை. ஆங்கிலம் நம் ரோட்டில் வண்டி ஓட்ட வந்தது, ரோட்டைப் போட்டார்கள்.

தனி ரோட்டில் விபத்து நடந்தால்தான் உலகம் எட்டிப்பார்க்கும். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்கு எழுத்துக்கூட்டு ஐபோன்களைச் சாய்த்தது ஞாபகமிருக்கும். யாராவது அதைச் செய்தியில் அனுப்பினால் செயலி மூடிக்கொள்ளும், திறந்தால் மறுபடி மூடும். அந்த மாதமே ஆப்பிள் ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டுச் சரிசெய்தது. போன் செத்ததால் அவ்வளவு வேகம். சாகாமல் வெறுமனே அசிங்கமாகத் தெரிகிற பக்குகள் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கும்.

அப்படி ஒன்றை எங்கள் ஊர்ப்பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கும் அண்ணன் காட்டினார். முகவரி நீளமாக இருந்தால் இரண்டு வரியாக வெட்டுகிற ஏதோ ஒரு மென்பொருள். கங்கைகொண்டசோழபுரம் என்று அடித்தால் முதல் வரி 'கங்கைக' என்று முடிகிறது. அடுத்த வரி ஒரு புள்ளி வட்டத்தோடு தொடங்குகிறது, வட்டத்துக்கு ஒருபக்கம் கொம்பு, மறுபக்கம் கால்.

"இது என்னா தம்பி, ராஜேந்திர சோழன் ஊரையே ரெண்டா வெட்டிப்புட்டானுவ?"

"எழுத்து எங்க முடியுதுன்னு தெரியாம வெட்டுறாங்கண்ணே. கொம்புக்கு எழுத்து கிடைக்கலன்னா அந்த வட்டம் வந்து நிக்கும்."

"நான் என் கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு ரெண்டு வாட்டி விண்டோஸ் மாத்திப்புட்டேன்."

பிரௌசர் மேல் தப்பில்லை, அது தன்னிடம் கொடுத்ததை நேர்மையாகக் காட்டியது. எழுத்து எங்கே முடிகிறது என்று சொல்வதற்கு 'இன்ட்ல் செக்மென்டர்' என்ற வசதி பிரௌசருக்குள்ளேயே இருக்கிறது. குரோமில் 2020இல் வந்தது, ஃபயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது. அதுவும் க்ஷ-வை இரண்டு துண்டாகத்தான் எண்ணும், அது யூனிகோடு விதியிலேயே உள்ள தகராறு. ஆனால் கொ-வை வெட்டாது.

இப்போது என் மேசையில் இருப்பது வேறொரு பக். 2019 மார்ச்சில் யூனிகோடு 12இல் தமிழின் பழைய பின்னக் குறிகளைச் சேர்த்தார்கள். காணி, மா எல்லாம் உண்டு. தொகுதியில் முதல் குறியே முந்திரி, 320இல் ஒரு பங்கு. முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிற ஊர்க்காரனுக்கு இந்தக் குறி மேல் ஒரு இது. இவற்றின் எண்கள் பெரியவை என்பதால் ஒவ்வொரு குறியும் உள்ளே இரண்டு அலகாக உடைந்துதான் இருக்கும். எங்கள் கிளையில் இன்னும் ஒரு இடத்தில் பாதியை மட்டும் படித்துவிட்டு, தமிழ் எழுத்துருவைத் தேடாமல் வேறெங்கோ தேடுகிறது. அப்பாவிடம் போனில் அனுப்பிப் பார்த்தேன். அவர் போனில் அதற்கு எழுத்துருவே இல்லை போல, கட்டமாகத் தெரிகிறது என்றார். என்ன அனுப்பினாய் என்று கேட்டார். முந்திரி என்றேன். "விலை சொல்லவே இல்லியே" என்றார்.