புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே



ஊரிலிருந்து முதன்முறையாக மும்பைக்கு வரும் உங்கள் தம்பி தாதரில் இறங்கி நிற்பதாக வைத்துக்கொள்வோம். கையில் பெட்டி, சட்டைப்பையில் கிங்ஸ் சர்க்கிள் அருகேயுள்ள உங்கள் வீட்டு விலாசம். சுவரில் புறநகர் ரயில் வரைபடம் இருக்கிறது. படித்த பிள்ளையாதலால் யாரையும் கேளாமல் அதையே பார்க்கிறான். கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர் தடத்தில் இருக்கிறது. எனவே மேற்குத் தடத்தில் மாஹிம் வரை போய், அங்கே ஹார்பர் வண்டிக்கு மாறி, ஒரு நிலையம் வரவேண்டும் என்று முடிவு செய்கிறான்.

வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் மத்தியத் தடத்தில் ஒரே நிலையம் போய் மாட்டுங்காவில் இறங்கினால், கிங்ஸ் சர்க்கிள் ஏறக்குறைய கால்மணி நேர நடை. மாட்டுங்கா, மாட்டுங்கா ரோடு, கிங்ஸ் சர்க்கிள் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு தடங்களில் இருப்பதால், ஒரே வட்டாரத்தில் உள்ளவை என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றுவதில்லை.

இப்படிப்பட்ட படம் பிறந்த கதையை அறிவது நல்லது. லண்டன் நகரின் சுரங்க ரயில்களுக்கு முன்பு உண்மையான பூகோள வரைபடங்களே இருந்தன. நகர மையத்தில் நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்ததால் வாசிப்பது கடினமாயிருந்தது. ரயில் நிறுவனத்தில் படம் வரையும் பணியிலிருந்த ஹாரி பெக் என்பவர், 1931-இல் மின்சுற்றுப் படத்தைப் போன்ற ஒன்றை வரைந்தார். கோடுகள் நேராகவும் சாய்வாகவும் மட்டுமே செல்லும். நிலையங்கள் ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்கும். பூமிக்கடியில் போகிறவனுக்கு எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்பது போதும் என்பது அவர் எண்ணம். மேலதிகாரிகள் முதலில் ஏற்கவில்லை. 1933-இல் சோதனையாக அச்சிட்டபோது ஜனங்கள் ஆவலோடு வாங்கிக்கொண்டார்கள். இன்று நம் தேசத்து மெட்ரோ படங்களும் அந்த வழியில் வந்தவையே.

எல்லா ஊரும் இதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. நியூயார்க்கில் 1972-இல் மாசிமோ விக்னெலி வடிவமைத்த படத்தில், நீளமான சென்ட்ரல் பார்க் சதுரமாகக் காட்டப்பட்டது. தரைமேல் நடக்கிறவர்கள் குழம்பினார்கள். 1979-இல் பூகோளத்தை ஒட்டிய படம் வந்தது. 2025-இல் மீண்டும் நேர்கோட்டுப் படத்துக்கே திரும்பியிருக்கிறார்கள்.

சம இடைவெளி என்பது வாசிக்கும் கண்ணுக்கு உதவி. வீடு தேடுகிற குடும்பத்துக்கோ கண்ணி. சிஎஸ்எம்டிக்கும் அடுத்துள்ள மஸ்ஜித்துக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. பத்லாப்பூருக்கும் அடுத்துள்ள வாங்கணிக்கும் நடுவே சுமார் 10 கிலோமீட்டர். படத்தில் இரண்டும் ஒரே அளவு. பத்லாப்பூரோடு நின்றுவிடும் வண்டிகளும் உண்டு. அதற்கப்பால் வண்டிகள் குறைவு. "ஒரு ஸ்டேஷன்தானே ஐயா, வாடகை குறைவு" என்று முன்பணம் கொடுத்துவிட்டு, பின்பு தகப்பன் முகத்தைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்க்கும் வீடுகளுக்குள் நான் போயிருக்கிறேன். முன்பணம் கொடுக்குமுன் கால அட்டவணையைப் பாருங்கள். காலை ஏழு மணி வண்டியில் ஒருநாள் நீங்களே போய்ப் பாருங்கள்.

என் தவறு ஒன்றையும் சொல்லுகிறேன். 2019-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் முட்டிவலியுள்ள ஒரு தாயாரைப் புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து ஆர்.கே.புரத்திலுள்ள மகள் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். மெட்ரோ படத்தில் புள்ளிகளை எண்ணினேன். விமான நிலையத் தடத்தில் இரண்டாவது புள்ளி தௌலா குவான்; அங்கே மாறினால் இளஞ்சிவப்புத் தடத்தில் பிகாஜி காமா பிளேஸ் இரண்டு புள்ளி. "ஒரே மாற்றம்தான் அம்மா" என்று தைரியமாகச் சொன்னேன். அந்த ஒரு மாற்றம் 1.2 கிலோமீட்டர் நீளமான ஆகாய நடைபாதை! இடையிடையே நகரும் நடைமேடைகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றிலும் ஏறவும் இறங்கவும் அந்தத் தாயார் பயந்தார்கள். பாதி வழியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, "இன்னும் எவ்வளவு தூரம் பாஸ்டர் ஐயா?" என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மஞ்சள் தடத்தில் ஐஎன்ஏ வரை போய் மாறியிருந்தால் நிலையங்கள் கூடுதல், நடை குறைவு. நிலையங்களை எண்ணிய நான் அந்தத் தாயாரின் கால்களை எண்ணவில்லை.

மும்பையில் தடப்படத்தை மட்டும் வாசித்தால் போதாது. நடைமேடையில் தொங்கும் இண்டிகேட்டரையும் வாசிக்கவேண்டும். தண்டவாளம் எங்கே போகிறது என்பதைப் படம் காட்டும். இந்த வண்டி எங்கே நிற்கும் என்பதை இண்டிகேட்டரே காட்டும். மத்தியத் தடத்தில் கசாராவுக்குக் குறியெழுத்து என், கர்ஜத்துக்கு எஸ். அதன் பக்கத்தில் ஸ்லோ வண்டிக்கும் எஸ், பாஸ்ட் வண்டிக்கு எஃப். எஸ் என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு அர்த்தம் வைத்தவர் புதிதாய் வருகிறவனை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தாதரில் எஃப் வண்டியில் ஏறினால் சயானில் இறங்க முடியாது. குர்லாவரை போய்த் திரும்ப வேண்டும். நோயாளியோடு மருத்துவமனைக்குப் போகும் நாளில் அது சிறிய காரியமல்ல.

ஆகவே உறவினருக்கு வழி எழுதும்போது படத்தை மட்டும் கைபேசியில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதேயுங்கள். ஏறும் தடம், ஸ்லோவா பாஸ்ட்டா, இறங்கிய பின் எந்தப் பக்கத்துப் பாலம், மின்தூக்கி உண்டா, எத்தனை நிமிட நடை என்று தமிழில் நாலு வரி எழுதுங்கள். பழைய சீட்டு வீட்டில் இருந்தால் திருத்துங்கள். தாதரில் ஒன்றாம் நடைமேடை முன்பு மேற்குத் தடத்தில் ஒன்றும் மத்தியத் தடத்தில் ஒன்றுமாக இரண்டு இருந்தது. 2023 டிசம்பரிலிருந்து மேற்குத் தடத்தில் 1 முதல் 7 வரை. மத்தியத் தடத்தில் 8 முதல் 14 வரை.