சிறு கலப்பும் பெரு வலிமையும்

தமிழ் பயிலும் மாணவன் எஃகைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். "இலக்கணம் கற்கும் உனக்கு இரும்போடு என்ன உறவு?" என்று நண்பர்கள் வினவுவர். உறவு உண்டு. என் தந்தையார் இரயில்வே பட்டறை ஒன்றில் பிட்டராகத் தொழில் செய்பவர். இதனை ஈண்டு வெளிப்பட எழுதுவதற்கு எனக்கு இரண்டாண்டுகள் ஆயின. கல்லூரியிற் சேர்ந்த நாளில், விண்ணப்பத்தாளில் தந்தையின் தொழில் என்றிருந்த இடத்தில், "அரசாங்க உத்தியோகம்" என்று மட்டும் எழுதினேன். அது பொய்யன்று, ஆயினும் ஒன்றை மறைத்தற்பொருட்டுத் தேர்ந்த சொல் என்பதை என் நெஞ்சு அறியும்.

சென்ற கோடை விடுமுறையில், கொல்கத்தாவில் வாழும் என் தமக்கையார் இல்லத்திற்குத் தந்தையாரோடு சென்றேன். சென்னையிலிருந்து சென்ற மெயில் வண்டி எங்களை ஹௌரா நிலையத்தில் இறக்கிவிட்டது. வெளியே வந்ததும், ஹூக்ளி ஆற்றைக் கடந்து நிற்கும் பெரும்பாலம் கண்முன் தோன்றிற்று. 1965இல் அதற்கு இரவீந்திர சேது என்று பெயரிட்டனர். மக்கள் நாவில் அஃது இன்றும் ஹௌரா பாலமே.

யான் அதன் பேருருவை வியந்து அண்ணாந்து நின்றேன். தந்தையாரோ கைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரும்புச் சட்டம் ஒன்றன் அருகிற் சென்று, அதிலுள்ள ரிவிட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "தம்பி, இதில் போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கவில்லை. எல்லாம் பழுக்கக் காய்ச்சி அடித்த ரிவிட். எத்தனை பேர் கை பட்டிருக்கும்!" என்றார். பின்னர், "இது வெறும் இரும்பும் அன்று, கலப்பு எஃகு. எங்கள் பட்டறைக்கு வரும் கூட்ஸ் பெட்டிகளிலும் இந்தச் சாதித் தகடு உண்டு" என்றும் கூறினார். யாது கலப்பு என்று கேட்டேன். "அதைப் படித்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்" என்று நகைத்தார்.

அந்நகைப்பு என்னை நூலகத்திற்கு அனுப்பிற்று. கல்லூரிக்கு மீண்டபின், பௌதிக ஆசிரியர் ஒருவரை அணுகியும் நூல்களை நாடியும் யான் அறிந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன்.

ஹௌரா பாலம் 1943ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் இரு கோபுரங்களுக்கும் இடைவெளி ஏறக்குறைய 457 மீட்டர். அவ்வெளியில் ஆற்றினுள் ஒரு தூணும் இல்லை. அதற்குச் செலவான எஃகு சுமார் 26,500 டன். இரண்டாம் உலகப்போர் மூண்டமையால் இங்கிலாந்திலிருந்து சிறுபகுதியே வந்தது. எஞ்சிய 23,000 டன்னையும் டாட்டா ஆலையார் இந்நாட்டிலேயே உருக்கி அளித்தனர். 'டிஸ்குரோம்' என்பது அவ்வெஃகின் பெயர்.

எஃகிற்கு வலிமை தரும் எளிய வழி, கரியைக் கூட்டுவது. ஆனால் கரி மிகின் எஃகு கடினமாகுமேயன்றி, அடிபட்டால் முறியும். வெல்டிங் செய்வதும் அரிதாகும். ஆதலின் கரியைக் குறைத்து, மாங்கனீஸ், குரோமியம், செம்பு, நிக்கல் முதலியவற்றுள் வேண்டியவற்றைச் சிறிதளவே சேர்ப்பர். நியோபியம், வனேடியம் போன்றவை நூற்றுக்கு ஒரு பங்கிற் பத்தில் ஒரு கூறுதானும் வேண்டா. சூட்டிலே தகடாக உருட்டும்போது, இவற்றின் நுண்துகள்கள் எஃகின் உள்மணிகளைப் பருக்கவொட்டாமல் தடுக்கும். மணி நுண்ணிதாக ஆக, வலிமையும் முறியாத் தன்மையும் ஒருங்கே வளரும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சாதாரண எஃகுக் கம்பி, நிலையாக நீண்டுவிடாமல் சுமார் 25 கிலோ எடையைத் தாங்குமாயின், இவ்வகை எஃகு சுமார் 35 கிலோ தாங்கும்.

பாலம் பிறர் சுமையைச் சுமக்குமுன் தன் சுமையைத் தானே சுமத்தல் வேண்டும். ஆகவே மெல்லிய தகட்டில் மிக்க வலிமை பெறுவது அதற்குப் பேருதவி. பளுதூக்கிகள், லாரிகளின் அடிச்சட்டங்கள், எண்ணெய்க் குழாய்கள் ஆகியவற்றிலும் இதனை ஆள்வது இது பற்றியே. 1933இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கார்ட்டென்' என்னும் எஃகு இவ்வினத்தைச் சார்ந்தது. செம்பும் குரோமியமும் கலந்தமையால், அதன்மேற் படியும் துரு உதிராமல் இறுகிப் பற்றிப் போர்வைபோற் காக்கும். கடலுப்புக் காற்றும் ஓயாத ஈரமும் உள்ள இடத்தில் மட்டும் அப்போர்வை நிலையாது. மற்றொன்றும் உண்டு: வலிமை மிகினும் விறைப்பு மிகுவதில்லை. மெல்லிதாக்கிய உத்தரம் முறியாவிடினும் மிகுதியாக வளையும். அதனையும் கணக்கிட்டே கட்டுவர்.

நிற்க. பாலத்தின்மீது நாங்கள் நடந்து சென்றபோது கண்ட காட்சி ஒன்று என் மனத்தைவிட்டு அகலவில்லை. பாதையைத் தாங்கும் தொங்குசட்டம் ஒன்றன் அடியில், வழிப்போக்கர் ஒருவர் வெற்றிலைச் சாற்றை உமிழ்ந்துவிட்டு, திரும்பியும் பாராமற் சென்றார். இவ்வுமிழ்நீர் அரித்ததனால், அடிச்சட்டங்களைக் காக்கும் எஃகுறைகள் 6 மில்லிமீட்டர் கனத்திலிருந்து நான்கே ஆண்டுகளில் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்தன என்று 2011இல் ஆய்ந்தறிந்து, பின்னர்க் கண்ணாடியிழை உறைகள் இட்டனர். போர்க்காலத்தில் எழுந்து, எண்பதாண்டுகளுக்கு மேலாகத் தளராது நிற்கும் எஃகிற்கு, தான் சுமப்பவராலேயே கேடு வருகின்றது!

யான் அம்மனிதர்மேற் சினந்தேன். தந்தையார் ஒன்றும் சொல்லாமல் கறையை நோக்கி நின்றார். அவருடைய கைகளில் எவ்வளவு கழுவினும் நீங்காத கிரீஸ் கறுப்பு இருப்பதை அப்போது கண்டேன். உடனே விண்ணப்பத்தாள் நினைவிற்கு வந்தது. என்னைத் தாங்கி நின்ற கையை யான் மறைத்ததற்கும் அவர் உமிழ்ந்ததற்கும் வேற்றுமை யாது? என் சினம் என்மேலேயே திரும்பிற்று.

இவ்வாண்டு விடுதித் தாளில் அதே வினா வந்தது. "இரயில்வே பட்டறைப் பிட்டர்" என்று தெளிவாக எழுதினேன். இதனை என் தந்தையாரிடம் யான் இன்னும் கூறவில்லை. இம்மலர் அவர் கைக்குச் சேரும்போது, கலப்பு யாது என்ற வினாவிற்கு விடையையும், அவரிடம் யான் வேண்டும் மன்னிப்பையும் ஒருங்கே கண்டுகொள்வாராக.