சிவப்பு மாத்திரை

சும்மா கிடைக்கிற பொருளுக்கு நம்மிடம் மரியாதை குறைச்சல். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற சிவப்பு மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் மாதம் தொடங்கி தினம் ஒன்று வீதம் 180 நாள் விழுங்கச் சொல்கிறார்கள். 'குமட்டுதுக்கா... வெளிக்குக் கறுப்பாப் போகுது' என்று நாலே நாளில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு.

அதில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கூடவே ஃபோலிக் ஆசிட். இந்த இரண்டாவது ஆசாமி வந்த கதை சுவாரஸ்யமானது.

1928-ல் லூசி வில்ஸ் என்கிற ஆங்கிலேய டாக்டர் பம்பாய் வந்தார். அங்கே பஞ்சாலைப் பெண்கள் பலர் கர்ப்ப காலத்தில் கடும் ரத்தசோகையில் அவதிப்பட்டார்கள். காரணம் தேடிப் புறப்பட்டவர், நம்ம குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டிலும் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? வெள்ளைக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட்! ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற மலிவான பண்டம். 1931-ல் அதை எழுதி வெளியிட்டார். உள்ளே இருந்த சத்தைக் கீரையிலிருந்து பிரித்து, ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தது 1941-ல்.

அதோடு முடியவில்லை. முந்தைய கர்ப்பத்தில் சிசுவுக்கு முதுகுத்தண்டுக் குறை வந்த பெண்களுக்கு, அடுத்த முறை கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குறை 72 சதவிகிதம் தடுக்கப்பட்டது என்று 1991-ல் முடிவு வந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். சிசுவின் தண்டுவடக் குழாய், கரு உருவாகி நாலு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. 'நாள் தள்ளிப்போச்சு' என்று தெரிந்து டாக்டரிடம் போவதற்குள் பெரும்பாலும் அந்த வேலை முடிந்திருக்கும்! அதனால்தான் கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் ஆசிட் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

இரும்பு விஷயமும் லேசுப்பட்டதல்ல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. மாத்திரையை விழுங்கிவிட்டு, மேலே ஒரு டம்ளர் டீ குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் ஒட்டாது. பால், கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். எலுமிச்சை ஜூஸோடு சாப்பிடுங்கள், நன்றாக ஒட்டும். கறுப்பாகப் போவது இரும்பின் நிறம்தான், பயம் வேண்டாம். குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நான் பி.காம். படித்தவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணப் பட்டுக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிறோம். அந்தப் பெண்ணை ஒரு நடை டாக்டரிடம் அழைத்துப்போய், 'ஃபோலிக் ஆசிட் எப்போ ஆரம்பிக்கணும்?' என்று கேட்க என்ன செலவாகிவிடும், சொல்லுங்கள்?