குடியேற்றமும் குடியமர்வும்

ஒரு சொல் பல பொருள் குறித்து நிற்றல் மொழிகளுக்கெல்லாம் பொதுவான இயல்பு. நம் நிகண்டு நூலார் இதனை நன்கறிந்திருந்தனர். திவாகரத்திலும் சூடாமணி நிகண்டிலும் ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கெனத் தனித் தொகுதியே வகுக்கப்பட்டுள்ளது. அவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லைப் பற்றிப் பேசினார். அத்தகைய சொல் இன்ன பொருளது என்பதை அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிந்துகொள்ளலாம் என்பது அவர் காட்டிய வழி. இதனை உயர்தர வகுப்பில் மனனஞ்செய்து, பரீட்சையில் எழுதி, நல்ல புள்ளியும் பெற்றவன் நான். ஆயினும் அவ்விதியின் அருமையை உணர்ந்தது பரீட்சை மண்டபத்தில் அன்று. 2013ஆம் ஆண்டு, கொக்கிளாயில், என் பேரனாருக்கு ஓர் ஆங்கிலக் கடிதத்தைப் பிழைபட வாசித்துக் காட்டிய நாளிலேயாம்.

கொக்கிளாயை அறியாத வாசகர் பொருட்டுச் சில சொற்கள். முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், கரைதுறைப்பற்றுப் பிரிவில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடப்பது எங்கள் ஊர். களப்பின் தென்கரை திருகோணமலை மாவட்டத்தைச் சார்ந்தது. அங்கே இல்மனைற்று மணலுக்குப் பெயர்பெற்ற புல்மோட்டை இருக்கின்றது. களப்பு 1951ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. கோடையில் முகத்துவாரத்தில் மணல் வளர்ந்து வழியை அடைக்கும். மாரி வெள்ளம் வந்து அதனை உடைக்கும். கடலிலும் களப்பிலும் தொழில், காணியில் மானாவாரி நெல் என்பதே ஊரவர் வாழ்வு. தென்மேற்குப் பருவக்காற்றின்போது மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்க, அங்குள்ள மீனவர் எங்கள் பக்கத்துக்கு வந்து, வாடி அமைத்துக் கரைவலை இழுத்து, பருவம் முடிந்ததும் திரும்புவர். 'வாடி' என்பது பருவத்துக்கு உரியது. 'குடி' என்பது தலைமுறைக்கு உரியது. இவ்வேறுபாட்டை எங்கள் ஊரில் ஒருவரும் அகராதி பார்த்து அறிந்ததில்லை.

1984 நவம்பர் 30ஆம் திகதி டொலர், கென்ற் பண்ணைகளிலும், மறுநாள் கொக்கிளாய், நாயாறு மீனவர் வாடிகளிலும் சிங்களக் குடிமக்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதனையடுத்த டிசம்பர் நாட்களில் படையினரின் நடவடிக்கைகளில் தமிழ்க் குடிமக்கள் பலர் மாண்டனர். கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி முதலிய ஊர்களின் மக்கள் வெளியேற்றப்பட்டனர். அப்பொழுது என் பேரனாருக்கு வயது நாற்பத்தெட்டு. மூன்று மாதத்தில் திரும்பலாம் என எண்ணி, விதைநெல்லை வீட்டிலேயே விட்டு நடந்தவர் அவர். முள்ளியவளையில் ஓர் உறவினர் வளவில் கொட்டில் போட்டார். அந்தக் கொட்டிலிலேதான் நான் பிறந்தேன். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் சில காலம் இருந்தோம். ஊருக்குத் திரும்ப அனுமதி கிடைத்தபோது பேரனார் எழுபதைக் கடந்திருந்தார்.

வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. வளவைத் துப்புரவாக்கித் தகரக் கொட்டில் அமைத்துவிட்டோம். வயற்காணியின் கதை வேறு. நாம் இல்லாத ஆண்டுகளில் ஒரு பகுதி காடாகியிருந்தது. மறு பகுதிக்கு வேறு குடும்பங்களின் பெயரில் அனுமதிப்பத்திரம் எழுதப்பட்டிருந்தது. பேரனாரின் பழைய அனுமதிப்பத்திரம், ஊரவர் சொல்லும் 'பேமிற்', இடப்பெயர்வுகளிடையே தொலைந்துபோயிற்று. அவர் விண்ணப்பம் எழுதினார்; எழுதிக்கொண்டே இருந்தார். அவற்றுள் ஒன்றுக்குப் பதிலாக வந்ததே அந்த ஆங்கிலக் கடிதம். எந்த அலுவலகம் அனுப்பியது என்பது இங்கு வேண்டுவதன்று. நான் அப்பொழுது பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவன், விடுமுறைக்கு வந்திருந்தேன்.

"தம்பி, இதில என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு மோனை" என்றார்.

அரைப் பக்கக் கடிதம். அதில் 'செற்றில்மென்ற்' என்ற சொல் மூன்று இடங்களில் வந்தது. பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அச்சொல்லுக்கு நேராக நான் கண்டு பழகிய தமிழ் 'குடியேற்றம்' என்பதே. ஆதலின் தயக்கமின்றி, "வயற்காணியில் குடியேற்றம் முடியும்வரைக்கும் உங்கட கோரிக்கையைப் பற்றி ஒண்டும் செய்யேலாதாம் அப்பு" என்று சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. கடிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அதனை நான் முதுமையின் அமைதி எனக் கருதினேன்.

மறுநாள் விடியலில் அவரைக் காணோம். கத்தியொன்றும் தண்ணீர்ப் போத்தலும் கொட்டிலில் இல்லை. யானை நடமாடும் பற்றைக்காட்டின் ஊடாக எழுபத்தேழு வயதுக் கிழவர் தனியே சென்றிருக்கின்றார் என அறிந்ததும் அம்மா கதறத் தொடங்கினார். நானும் அயலவர் இருவரும் தேடிச் சென்றோம். நண்பகலளவில், வயலின் பழைய வரம்பில், பாலை மரமொன்றின் நிழலில் அவரைக் கண்டோம். அவர் அங்கே ஒன்றுஞ் செய்யவில்லை, வெறுமனே அமர்ந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என நான் சினந்து கேட்டபோது சொன்னார்: "ஆக்களைக் கொண்டுவந்து இருத்தப் போறாங்கள் எண்டு நீதானே வாசிச்சனி. அவங்கள் வரமுந்தி நான் வந்து இருக்கிறன்."

அன்று மாலை அக்கடிதத்தை மீண்டும் விரித்து, அகராதியின் துணையுடன் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முதலாவது 'செற்றில்மென்ற்', காணியின் உரித்து யாருக்கு என விசாரித்து முடிவு செய்தலைக் குறித்தது. இரண்டாவது, அவர் ஊரில் ஏற்கெனவே மீளக் குடியமர்ந்தவராகப் பதியப்பட்டுள்ளார் என்றது. மூன்றாவது, அதற்குரிய கொடுப்பனவு கொடுத்துத் தீர்க்கப்பட்டது என்றது. நிர்ணயம், குடியமர்வு, தீர்வை என்னும் மூன்றையும் ஒரே சொல்லால் ஆங்கிலம் கூறிற்று. மூன்றையும் ஒரே சொல்லால் நான் கெடுத்தேன். வேறு எவரையும் அந்த வயலிற் குடியேற்றப்போவதாகக் கடிதம் சொல்லவேயில்லை.

பிழையின் வேரைக் காணும் விருப்பினால் அச்சொல்லின் வரலாற்றைத் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலம் இருக்கையைக் குறித்த சொல்லாகும். உயர்ந்த முதுகுப்புறமுடைய நீண்ட மரவாங்கு ஒன்றை ஆங்கிலேயர் இன்றும் 'செற்றில்' என்றே அழைப்பர். அமர்தல் என்னும் எளிய கருத்திலிருந்தே ஏனைய பொருள்களெல்லாம் கிளைத்தன. கலங்கிய நீரில் மண் அடிக்குச் செல்வதும், புதுக் கட்டடத்தின் அத்திவாரம் சிறிது அமிழ்வதும், கடைக்காரனின் பாக்கியைக் கொடுத்து முடிப்பதும், வழக்காளிகள் இணங்கிப் போவதும், மகள் கனடாவில் வாழ்வு நிலைபெற்றதும், நம் நாட்டின் இனப்பிரச்சினைக்கு அரசியல் தீர்வு காண்பதும் அச்சொல்லுக்குள் அடங்கும்.

சட்டத்தின் கையில் அச்சொல் வேறு நடை பயின்றது. 1662ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டமொன்று, ஏழையொருவர் எந்தக் கோவிற்பற்றைச் சேர்ந்தவர் என்னும் உரிமையை இச்சொல்லாற் குறித்தது. அவ்வுரிமையற்றவரைத் தத்தம் பற்றுக்குத் திருப்பி அகற்ற அச்சட்டம் இடமளித்தது. 1701ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் முடியுரிமையை வரையறுத்த சட்டமும் இதே பெயருடையது. 1793ஆம் ஆண்டில் கோண்வாலிஸ் பிரபு வங்காளத்தில் சமீன்தார்களோடு செய்த நிரந்தர நிலவரி ஏற்பாடும் ஒரு 'செற்றில்மென்ற்' தான். 1826ஆம் ஆண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றை ஒன்றாக்கி அவற்றுக்கும் இச்சொல்லையே பெயராக இட்டனர். நம் நாட்டிலோ 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம், எது முடிக்குரியது, எது குடிக்குரியது என வரையறுக்க வந்தது. இவை எல்லாவற்றிலும் ஒரு பொதுமை உண்டு. அமர்பவன் ஒருவன், அவன் எங்கே, எந்நிபந்தனையில் அமர்வான் என முடிவு செய்பவன் இன்னொருவன்.

இவ்விடத்தில் ஆங்கிலத்தைக் குறைகூறித் தமிழைப் போற்றி முடித்தல் எளிது. பேரனாரை வயலுக்கு ஓட்டியதோ தமிழ்ச் சொல்தான். 'குடியேறு' என்பது தன்வினை. 'குடியேற்று' என்பது பிறவினை. வினையாக நிற்கும்போது செய்தவர் யார் என்பது விளங்கும். 'குடியேற்றம்' எனத் தொழிற்பெயராகியதும் அது மறைந்துவிடும். தாமாக வந்து ஏறினாரா, பிறர் கொண்டுவந்து ஏற்றினாரா எனச் சொல் காட்டாது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலாக, 'குடியேற்றத் திட்டம்' என்னும் தொடர் கிழக்கிலும் வன்னி எல்லையிலும் வாழ்ந்த தமிழர் செவியில் ஓர் அச்சத்தோடு ஒலித்து வந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே மணலாறு 'வெலி ஓயா' ஆயிற்று. வெலி என்றால் மணல்; ஓயா என்றால் ஆறு. மொழிபெயர்ப்பில் ஓர் அணுவளவும் பிழையில்லை. எனினும் அம்மாற்றம் எங்களூரவர்க்கு மொழிபெயர்ப்பாக மட்டும் தோன்றவில்லை. 2009க்குப் பின்னரோ, அதே 'குடியேற்றம்' 'மீள்' என்னும் அடையோடு வந்து ஆறுதற் சொல்லாயிற்று. நான் அச்சொல்லைப் பிந்திய வழக்கிற் சொன்னேன். அவர் முந்திய வழக்கிற் கேட்டார். தொல்காப்பியர் சுட்டிய சார்பு சொல்லுக்கு மட்டுமன்றிக் கேட்பவருக்கும் உண்டு. அவர் சார்பில் நின்று அக்கடிதத்தை நான் ஒரு கணமேனும் பார்த்திருப்பேனாயின், அந்தக் காலைப்பொழுது நேர்ந்திராது.

பிழையை ஒப்புக்கொண்டு, கடிதத்தின் பொருளைத் திருத்திச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப, நான் இருந்திட்டன் எண்டு அவையள் எழுதிப்போட்டினம்?"

"ஓம் அப்பு. பதிவில அப்பிடித்தான் கிடக்கு."

"வயலில்லாமல் எப்பிடி இருக்கிறது?"

இவ்வினாவிலே பேரனார் எனக்கு மொழிபெயர்ப்பின் இரண்டாம் பாடத்தைக் கற்பித்தார். எங்கள் பேச்சில் 'இருத்தல்' என்பது உட்காருதல், வாழ்தலும் அதுவே. விருந்தினரை "இருங்கோ" என்போம். புதியவரை "எங்க இருக்கிறியள்" என வினவுவோம். 'குடியமர்தல்' என்னும் சொல்லும் இவ்வாறே அமர்தலை உட்கொண்டு நிற்கின்றது. ஆங்கிலச் சொல்லின் வேரில் இருந்த இருக்கையும் அதுவே. எனவே சொல்லளவில் என் இரண்டாவது மொழிபெயர்ப்பு குற்றமற்றது. ஆனால் 'மீளக் குடியமர்ந்தார்' எனப் பதிவேடு கூறியபோது, அவருக்கு உடல் தங்க ஒரு கொட்டில் இருந்தது. உயிர் தங்க ஒரு வயல் இருக்கவில்லை. பதிவேடு முற்றுவினை எழுதிவிட்ட இடத்தில் அவர் வாழ்வு எச்சவினையாகவே நின்றது. அதனைத் திருத்தும் ஆற்றல் எந்த அகராதிக்கும் இல்லை. எனினும் அது திருத்தப்படவில்லை என்பதையேனும் மொழிபெயர்ப்பவன் மறைத்தலாகாது.

அன்றிரவு அவருடைய பெயரில் ஒரு பதில் எழுதினேன். தமிழிலே எழுதி, அதன் ஆங்கில வடிவத்தையும் இணைத்தேன். 'குடியேற்றம்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் வரவில்லை. "இவ்வூரில் எனக்கு வளவு கிடைத்துள்ளது; வயல் கிடைக்கவில்லை; அதன் உரித்தை நிர்ணயித்துத் தருக" என்பதே அதன் சாரம். வாசித்துக் காட்டியபோது, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தலையசைத்துக் கேட்டார். கையொப்பமிடும் முன், "இதில ஆர் ஆரை இருத்திறது எண்டு விளங்குதோ?" என மீண்டும் ஒருமுறை வினவி உறுதி செய்துகொண்டார்.

பேரனார் 2016ஆம் ஆண்டில் காலமானார். உரித்து நிர்ணயம் அதற்குள் முடியவில்லை; அக்கோவை இப்பொழுது என் தாயாரின் பெயரில் தொடர்கின்றது. நான் இன்று மொழிபெயர்ப்புக் கற்பிக்கின்றேன். ஒவ்வோராண்டும் முதல் வகுப்பில், ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் நீக்கி, அந்த அரைப் பக்கக் கடிதத்தை மாணவர்க்குக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலோர் நான் செய்த பிழையையே செய்வர். அதற்காக நான் புள்ளி குறைப்பதில்லை. "இக்கடிதம் யாருக்கு வந்தது? அவர் இதை எங்கே இருந்துகொண்டு கேட்பார்?" என்னும் இரண்டு வினாக்களை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, மீண்டும் ஒருமுறை மொழிபெயர்க்கச் சொல்வேன்.