முதலாளியின் நான்கு வெள்ளி

இந்தியாவில் 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, 300 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் ஆலை, அரசிடம் கேட்காமலே ஆட்களைக் குறைக்கலாம். தெலுக் இந்தானில் தங்கிவிட்ட தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டதும் சொல்வது ஒன்றுதான்: "எங்க மலேசியாவப் பாருங்க."

பெருமைக்குக் காரணம் உண்டு. 2018 ஜனவரியில் வந்த வேலைக் காப்புறுதித் திட்டத்தைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்துகிறது. சம்பளத்தில் முதலாளி 0.2 விழுக்காடு, தொழிலாளி 0.2 விழுக்காடு. 2,000 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்துக்கு ஆளுக்கு ஏறத்தாழ 4 வெள்ளி. வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு இரண்டு மாதம் 40, அதிகபட்சமாகப் போனால் இன்னும் இரண்டு மாதம் 30. அந்த 2,000 வெள்ளிக்காரருக்கு மொத்தம் 5,400 வெள்ளி. முதலாளி கடையை இழுத்து மூடிவிட்டுப் போனாலும் வந்து சேரும்.

இதன் அருமை பேராக் தோட்டத்து மக்களுக்குத் தெரியும். 1950களில் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையோடு லயத்து வீடும் போனது. அதைத் தடுக்க 1960இல் சுங்கை சிப்புட்டின் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தவர்கள் பால்மரம் வெட்டியவர்களே.

அதற்காக ஊரை மட்டம் தட்ட வேண்டாம். இந்தியாவின் இ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர் வேலையிழந்தால் உதவித்தொகை தரும் ராஜீவ் காந்தி திட்டம் 2005 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. புதிய சட்டமும் ஆட்குறைப்பு செய்யும் முதலாளியை, ஆளுக்கு 15 நாள் சம்பளம் மறுபயிற்சி நிதிக்குக் கட்டச் சொல்கிறது. மலேசியாவிலோ நூறு பேரை நீக்கியவருக்கும் ஒருவரையும் நீக்காதவருக்கும் அதே 0.2தான். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் வேலையின்மைக் காப்பீட்டு வரியை முதலாளி மட்டுமே கட்டுகிறார். ஆட்களை நீக்க நீக்க அது ஏறும்.

பெருமை பேசுபவர்கள் தொடாத இடம் ஒன்றுண்டு. சாப்பாட்டுக் கடையிலும் முடிதிருத்தகத்திலும் பர்மிட்டில் உழைக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இத்திட்டம் கிடையாது. அவனுக்காக அந்த 4 வெள்ளியையும் எவரும் கட்டுவதில்லை. 4 வெள்ளி மிச்சம் பிடித்துத்தான் இந்த நாடு நிமிர வேண்டுமா?

திட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளி ராஜினாமா கடிதத்தை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியவருக்குப் பணம் இல்லை. வேலை போன 60 நாளுக்குள் சொக்சோவில் விண்ணப்பித்துவிடுங்கள்.