படிக்காமல் விட்ட வரி

எங்கள் வீட்டுக்கு நெல் குத்த வருவாள் ஓர் அம்மாள். அவளுக்குக் கடிதம் படித்துச் சொன்னதுதான் நான் பார்த்த முதல் உத்தியோகம். சம்பளம் ஒரு வெல்லக்கட்டி. வருஷம் 1951. எனக்கு வயது பத்து. மன்னார்குடியில் ஹரித்ராநதிக் கரையில் எங்கள் வீடு.

அவள் புருஷன் யுத்தத்துக்கு முன்பே நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். சயாம் ரயில் பாதையிலும் சாகாமல் திரும்பி, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவை எழுதியிருந்தார்: தோட்டத்துக்கு முள்வேலி போட்டுவிட்டார்கள், வேலைக்குப் போகும்போது வாசலில் சோதிக்கிறார்கள், சோறு கட்டிக்கொண்டு போகக்கூடாது.

அவள் உலக்கையை நிறுத்திவிட்டாள்.

"வேலைக்குப் போற மனுசன் சோறு கொண்டு போகக்கூடாதா? ஏன் தம்பி?"

"காட்டிலே கொரில்லாக்கள் இருக்காங்களாம். அவங்களுக்குக் குடுத்துடுவாங்கன்னு..."

"பசிச்சவனுக்குக் குடுத்தா அதுக்குமா போலீசு?"

அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? பதிலைப் புத்தகங்களில் படிக்கப் பல வருஷம் ஆயிற்று. 1948 ஜூனில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட மானேஜர்கள் கொல்லப்பட்டதும் பிரிட்டிஷ் சர்க்கார் அவசரநிலை பிரகடனம் செய்தது. அது 1960 ஜூலை வரையில் நீடித்தது. கூர்க்கா, ஆஸ்திரேலிய, நியூஜிலாந்து, பிஜி, ஆப்பிரிக்கச் சிப்பாய்களெல்லாம் வந்து சண்டை போட்டார்கள். ஆனால் யுத்தம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தோட்டங்களுக்கு நஷ்டஈடு தராது என்பார்கள். எதிரிகளுக்கு 1952-இல் 'கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களும் சாதுக்கள் அல்ல. கூலி ஜனங்களையும் கொன்றார்கள்.

காட்டிலிருந்தவர்களைப் பிடிக்க, நாட்டிலிருந்தவர்களின் அடுப்பில் கைவைத்தார்கள். சுமார் 5 லட்சம் பேரைக் குடியெழுப்பி வேலிக்குள் வைத்தார்கள். பிற்பாடு சில இடங்களில் அரிசியே விற்காமல் பொதுவில் வடித்த சோறாகவே கொடுத்தார்கள். சோறு மறுநாள் ஊசிப்போகும், காட்டில் சேர்த்துவைக்க முடியாது என்று கணக்கு. தண்ணீர் ஊற்றிப் பழையது வைக்கத் தெரியாதவர்கள் போட்ட கணக்கு! வியட்நாமுக்கும் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானத்துக்கும் போன சேனைகள் இதைத்தான் வெற்றிக்குப் பாடமாகப் படித்தன.

1953 தையில் வந்த கடிதம் அவர் கையெழுத்தில் இல்லை. கூட வேலை செய்த ஒருவர் எழுதியிருந்தார். வாசல் சோதனையில் இவர் மடியில் அரிசி அகப்பட்டதாம். லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். எங்கே என்று தெரியவில்லையாம்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த கணபதி, மலாயாத் தொழிற்சங்கத் தலைவர், கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4-இல் கோலாலம்பூர்ச் சிறையில் தூக்கில் போடப்பட்டவர். பெரியவர்கள் திண்ணையில் அதைப் பேசிப்பேசி என் மனசில் கிலி ஏறியிருந்தது. அரிசிக்கும் தூக்குத்தான் என்று நினைத்தேன்.

"என்ன தம்பி எளுதியிருக்காரு?"

"சௌக்கியமாம்."

அவள் வழக்கம்போல் வெல்லக்கட்டியைக் கொடுத்தாள். கடிதத்தை மடித்து மற்றக் கடிதங்களோடு அடுக்குப்பானையில் வைத்துக்கொண்டாள். வெல்லத்தை நான் குளத்தில் போட்டேன்.

அப்புறம் கடிதமே வரவில்லை. இரண்டு வருஷம் பார்த்தாள். "அங்கே எவளையோ சேத்துக்கிட்டாரு" என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அந்தக் கோபம் கடைசிவரையில் ஆறவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் பானை பொங்கும்போது அவரைத் திட்டுவாள். நான் வளர்ந்து, மீசை முளைத்து, வேலைக்குப் போன பிறகுகூட அவளிடம் வாய் திறக்கவில்லை.

மலாயாக் கணக்கில் காட்டில் மாண்டவர்கள் 6,000-க்கு மேல், சாதாரண ஜனங்கள் 2,000-க்கு மேல் என்று போட்டிருக்கிறது. அவர் எதில் சேர்த்தி என்று எனக்குத் தெரியாது. மடியிலிருந்த அரிசி காட்டுக்கா, மத்தியானப் பசிக்கா என்பதும் கடிதத்தில் இல்லை.

அவர் அவளை மறக்கவில்லை என்பது மட்டும் இருந்தது. அதைப் படிக்க வேண்டியவன் நான்.