தபால்தலைக்காரர்களுக்கே தபால் வேண்டாமா?

தபால்தலை சேகரிப்போர் சங்க இதழை இனி அச்சடிக்காமல், பி.டி.எஃப். ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமா? உறையூர் வெக்காளியம்மன் கோயில் பக்கம் குடியிருக்கும் பெரியவர் இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்.

கணக்குத் தெரியாதவர் அல்ல. காகிதம், அச்சுக்கூலி, உறை, தபால் செலவு என்று கூட்டினால் சந்தா போதாது. 'கல்கி'யே 2020-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனதைப் பார்த்தவர்தான். பத்திரமாகச் சேரட்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்பலாமென்றால், 2025-இல் அதுவும் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது.

ஆனால் இதழ் வந்தால் உறையில் என்ன தலை, எந்த ஊர் முத்திரை, தேதி தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுதான் அவர் முதலில் பார்ப்பார். பிரிப்பது அப்புறம். போனில் வருவதில் அது ஏது? 1897-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்தியத் தபால்தலைச் சங்கம் அதே ஆண்டில் இதழும் நடத்தியது. இவரோ மூன்று போன் மாற்றியதில், பேரன் அனுப்பிய படங்களையே தொலைத்துவிட்டார்!

பேரன் சொல்வதிலும் நியாயம் உண்டு. தலையிலுள்ள அச்சுப் பிழையைப் போனில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளை அச்சில் பச்சையும் நீலமும் ஒன்றுதான். மாத இதழ் போனில், ஆண்டுக்கு ஒரு தொகுப்பு மட்டும் தபாலில் என்கிறான்.

பெரியவர் இறங்கி வருகிறார், ஒரே நிபந்தனையோடு: உறையில் நல்ல தலையாகப் பார்த்து ஒட்ட வேண்டும், மெஷின் முத்திரை கூடாது.